லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது

எட்டாம் பிளாக் விழப்போகிறது, விழப்போகிறது என்று வீட்டு வசதி வாரியத்துக்காரர்கள் சொல்ல ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிறது. கட்டடம்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை வந்தால் ஒழுகும், வெயில் வந்தால் உதிரும், மற்றபடி தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். அதில் குடியிருந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

நாலாவது மாடியில், படி ஏறியதும் இடது கைப்பக்கம் கண்டக்டர் வீடு. அவர் பஸ்ஸை விட்டு இறங்கிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு அவர் கண்டக்டர்தான். விசில் இன்னும் வாசல் ஆணியில் தொங்கியது. கீழேயிருந்து பால்காரர் கூப்பிட்டால் அதை ஊதித்தான் பதில் சொல்வார்; ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். படித்தது கொஞ்சம், அந்தக் கொஞ்சமும் டிக்கெட்டில் அச்சடித்திருந்ததைப் படித்ததுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் ஒருவன் மூஞ்சியைப் பார்த்ததுமே டிக்கெட் எடுத்தவனா, எடுக்காதவனா என்று தெரிந்துவிடும் அவருக்கு. சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு வருகிற ஆட்கள் எல்லாரும் அவர் கண்ணுக்கு டிக்கெட் எடுக்காதவர்களாகவே தெரிந்தார்கள்.

பிளாக்குக்கு லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அதன் கதவு நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பயன்பட்டது. தண்ணீர் கேன் வேண்டுமா, டியூஷன் வேண்டுமா, காணாமல் போன பூனை வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். அது கடைசியாக ஓடியதைப் பார்த்தவர்கள் சிலர் இறந்தும் போய்விட்டார்கள்.

படிக்கட்டில் வழுக்கி விழுந்து கண்டக்டரின் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்து அனுப்பினார்கள். ஒட்டியது, ஆனால் படியில் கை பிடிக்காமல் ஒரு அடி வைக்க முடியாது. படியிலோ பிடிக்க ஒன்றும் கிடையாது. பழைய கைப்பிடிச் சுவர் எப்போதோ இடிந்து, படிகளுக்கு நடுவில் இருந்த பள்ளம் கிணறு மாதிரி வாயைத் திறந்து கிடந்தது. கண்டக்டர் வாரியத்துக்குப் போய்க் கேட்டார். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அந்த வார்த்தையை அவர் ஏற்கெனவே டிப்போவில் கேட்டிருக்கிறார். நேரே டிப்போவுக்குப் போனார். ஓட்டம் முடிந்து, உடைக்கப் போட்டிருந்த பஸ்களிலிருந்து, ஆட்கள் நின்றபடி பிடித்துக்கொள்கிற கம்பிகளைக் கழற்றி வாங்கிவந்தார். இரண்டாம் மாடி வெல்டர் அவற்றைக் கீழிருந்து மேல்வரை படிச்சுவரில் இரும்புக் கொக்கி அடித்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அதற்கு பஸ் கம்பி என்று பேர். வீட்டம்மா அதைப் பிடித்துக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்லக் கீழே வருவாள். ஆஸ்பத்திரிக்குப் போவாள். திரும்பும்போது தண்ணீர்த் தொட்டி பக்கத்துப் பெஞ்சில் தன் அக்காவோடு உட்கார்ந்து ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு ஏறுவாள்.

அக்கா எதிர் பிளாக்கில், தரைத்தளம். முட்டி இரண்டும் போனவள். அவளால் ஏற முடியாது. ஆகவே மற்ற நாட்களில் பேச்செல்லாம் பால்கனிக்கும் முற்றத்துக்கும் நடுவில்தான். அக்காவுக்கு ஊரே வைத்த பேர் மைக்கம்மா.

"என்னடி சமைச்ச?" என்பாள் கீழேயிருந்து.

"முட்டை!"

"உப்பு அதிகம்னு சொன்னாரா?"

"வாயே திறக்கலை!"

"அப்ப அதிகம்தான்!"

கண்டக்டர் உள்ளே முட்டையைத் தின்றுகொண்டிருப்பார். எட்டாம் பிளாக்கில் யாருக்கும் ரகசியம் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் குடியிருப்புப் புத்துயிர் வாரியம் என்று புதிதாக ஒன்று பிறந்தது. சிதைந்த குடியிருப்புகளைச் சீராக்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். மறுவாரமே ஒரு அலுவலர் வந்து இறங்கினார். கையில் ஸ்கேல், கழுத்தில் அட்டை, தோளில் சின்னச் சுத்தியல் போட்ட பை. அவர் வேலை ஒவ்வொரு பிளாக்குக்கும் சிதைவு மதிப்பெண் போடுவது. சாயங்காலத்துக்குள் அவருக்கு மார்க் சார் என்று பேர் வந்துவிட்டது.

மார்க் சார் விரிசலைப் பார்த்தால் முகம் மலர்கிற மனிதர். ஒன்பதாம் பிளாக்கில் ஒரு தூண், கம்பி தெரிய வாய் பிளந்து நின்றது. "அருமை, அருமை" என்று அதைத் தடவிக் கொடுத்தார். பத்தாம் பிளாக்கில் ஒரு கூரை அவர் காலடியிலேயே விழுந்தது; கை தட்டாத குறை. எட்டாம் பிளாக்குக்கு வந்ததும் முகம் வாடியது. படியைத் தட்டினார், மொட்டை மாடிக்குப் போனார், பஸ் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. கடைசியில் கண்டக்டர் வீட்டில் உட்கார்ந்து, இழவு சொல்ல வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"சொல்லவே வருத்தமா இருக்குங்க. எட்டாம் பிளாக் ஃபெயில்."

"எதுல ஃபெயில்?"

"சிதைவுல."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். கூரையில் கடல் படம் மாதிரி ஈரம் பரவியிருந்தது.

"படியில சிமென்ட் பூசியிருக்கீங்க. மொட்டை மாடியில தார் ஊத்தியிருக்கீங்க. இதெல்லாம் யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"மழையைக் கேட்டு" என்றார் கண்டக்டர்.

"இப்படி அவசரப்பட்டுப் பழுது பார்த்தா அரசாங்கம் எப்படி உதவ முடியும்? இன்னும் கொஞ்சம் மோசமா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!"

"லிஃப்ட்டுக்கு எவ்வளவு போட்டீங்க? அது ஓடி ஒரு தலைமுறை ஆச்சே."

"லிஃப்ட்டுக்குப் பூஜ்யம்."

"அப்பாடா. மோசம்னு ஒத்துக்கிட்டீங்க."

"இல்லைங்க. பூஜ்யம்னா சிதைவே இல்லைன்னு அர்த்தம். ஓடுற லிஃப்ட்தான் தேயும். உங்களோடது ஓடாததால தேயவே இல்லை. பட்டன்ல நம்பர்கூட அழியலை. 'லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது'ன்னு அறிக்கையில போட்டிருக்கேன்."

"சார், அது ஓடாது."

"ஓடுறது ஓடாதது எல்லாம் இயக்கப் பிரிவு பாத்துக்கும். நான் நிலைப் பிரிவு."

கண்டக்டர் வாழ்க்கையில் ஓசிப் பயணிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். தூங்குகிற மாதிரி நடிப்பவன், செவிடன் மாதிரி நடிப்பவன், பர்ஸ் காணோம் என்று அழுபவன். ஆனால் பஸ் நகரவே இல்லை, அதனால் டிக்கெட் கிடையாது என்று சட்டம் பேசுகிறவனை அன்றுதான் பார்த்தார்.

ஃபெயிலானவர்களை வாரியம் கைவிட்டுவிடவில்லை. மறுதேர்வு உண்டு என்றார்கள். அதற்குப் பயிற்சி முகாம் முற்றத்திலேயே நடந்தது. பந்தல், நாற்காலி, ஆளுக்கொரு தொப்பி. வாரியத் தலைவர் நேரில் வர முடியாததால் அவர் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டார்கள். கனத்த குரல்.

"அன்பு மக்களே, அரசு மட்டும் தனியாக எதையும் செய்துவிட முடியாது. மக்கள் பங்களிப்பு இல்லாமல் எந்தச் சிதைவும் முழுமை பெறுவதில்லை. நாங்கள் நெடுங்காலம் எங்கள் பங்கைச் செய்தோம். ஒரு சுவரையும் தொடவில்லை, ஒரு குழாயையும் மாற்றவில்லை. ஆனால் சில குடியிருப்புகளில் மக்கள் அந்த உழைப்பை மதிக்காமல், தாமாகவே பழுது பார்த்து, எங்களைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறார்கள்."

எல்லாரும் கை தட்டினார்கள். தொப்பி கொடுத்திருந்தார்களே.

மறுநாளிலிருந்து எட்டாம் பிளாக்கில் வேலை தொடங்கியது. மூன்றாம் மாடித் தையல்காரர் தான் பூசிய சிமென்ட்டைத் தானே கொத்தினார். முதல் மாடியில் ஒரு அம்மா விரிசலுக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். ரோஜாச் செடிக்குக்கூட அப்படி ஊற்றியதில்லை. மொட்டை மாடித் தாரைச் சுரண்டி எடுத்தார்கள். முதல் மழையில் நாலாம் மாடிக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு மார்க் சார் கண்டக்டரிடம் வந்தார்.

"எல்லாம் நல்லா மோசமாகிட்டு வருது. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. அந்தக் கம்பி."

"அது எங்கே இடிக்குது? அது ஒண்ணுதான் இடிக்காம நிக்குது."

"படிக்கட்டில் பிடிமானம் இன்மை, இதுக்குத்தாங்க அதிக மார்க். கம்பியை எடுத்துட்டா பாஸ்."

"என் பெண்டாட்டி அதைப் பிடிச்சுத்தான்யா கீழே இறங்குறா."

"எடுத்தீங்கன்னா அவங்களால இறங்கவே முடியாதில்லையா? அதுக்குத் தனியா போனஸ் மார்க் இருக்கு." அவர் இதைச் சந்தோஷமாகச் சொன்னார். உண்மையிலேயே உதவ நினைத்தார், பாவம்.

கண்டக்டர் அவரை வாசல் காட்டி அனுப்பினார். விசிலும் ஊதினார். ஆனால் மனைவி விடவில்லை.

"எடுத்துடுங்க."

"வாயை மூடு."

"ஏங்க, லிஃப்ட் வந்துட்டா கம்பி எதுக்கு? எனக்கும் ஒரு தடவை பொம்பளை மாதிரி நின்னுக்கிட்டே கீழே போகணும்னு இருக்கு. படிப்படியா உக்காந்து உக்காந்து, கூடை விக்கிறவ மாதிரி போறது எனக்கு மட்டும் பிடிக்குதா?"

"லிஃப்ட் வராதும்மா. இவனுங்க மூஞ்சியைப் பாத்தா தெரியலை?"

"உங்களுக்கு யாரு மூஞ்சியைப் பாத்தாலும் அப்படித்தான் தெரியும். எங்க அப்பாகிட்டயே டிக்கெட் கேட்டவர்தானே நீங்க."

அது நிஜம். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. கண்டக்டர் கீழே போய் வெல்டரைக் கூப்பிட்டார். வெல்டர் வந்து கம்பியை வெட்டினார். வெட்டும்போது தலை நிமிரவில்லை. கட்டாகக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். அன்றோடு வீட்டம்மாவுக்கு முற்றமும் போச்சு, ஆஸ்பத்திரியும் போச்சு. மாத்திரையைக் கண்டக்டர் போய் வாங்கிவந்தார். அக்காவுக்கும் தங்கைக்கும் மிஞ்சியது பால்கனி ஒன்றுதான்.

எட்டாம் பிளாக் நகரத்திலேயே முதலிடத்தில் தேறியது. மார்க் சார் இனிப்பு கொடுத்தார்.

பணம் வந்தது. வந்தது எப்படித் தெரிந்தது என்றால், முதலில் பணம் வந்துவிட்டது என்று ஒரு பலகை வந்தது. வீட்டுக் கதவைவிடப் பெரிய பலகை. தலைவர் படம் சிரித்தது. அதற்கு இரண்டு விளக்கு. அடுத்து, ரோட்டுப்பக்கச் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்தார்கள். வானவில், பறவை, பூ. முற்றத்துப்பக்கம் அடிக்கவில்லையே என்று கேட்டதற்கு, அந்தப் பக்கத்தை நீங்கள் மட்டும்தானே பார்க்கிறீர்கள் என்றார்கள்.

பிறகு கனவுக் கூட்டம். கலர் கலராகக் காகிதம் கொடுத்து, அவரவர் கனவை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். கண்டக்டர் "லிஃப்ட்" என்று எழுதி ஒட்டினார். கூட்டம் நடத்த வந்த பெண் அதை மெல்லப் பிய்த்துக் கையில் கொடுத்தாள்.

"ஐயா, இது தேவை. இன்னிக்குக் கனவு மட்டும்தான் எடுக்கிறோம்."

கண்டக்டர் இன்னொரு காகிதம் வாங்கி, "லிஃப்ட் ஓடுகிற மாதிரி கனவு" என்று எழுதி ஒட்டினார். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு அழகு என்று போட்டோ பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கனவுக்கு வாரியம் செவிசாய்த்தது. ஒரு காலைப்பொழுது தண்ணீர்த் தொட்டி பக்கத்துப் பெஞ்சைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆட்கள் அஸ்திவாரம் போட்டார்கள். கண்ணாடியும் இரும்புமாகப் பளபளவென்று எழும்பியது. லிஃப்ட்! மைக்கம்மா கத்தின கத்தில் பிளாக்கே பால்கனிக்கு வந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான்கு பக்கமும் கண்ணாடி. கதவு திறந்தது, மூடியது. உள்ளே விளக்கு, பாட்டு, பட்டன். மேலே கூரை. அதற்கு மேலே ஆகாயம்.

"இது எங்கே போகும்?" என்று கேட்டார்.

"எங்கேயும் போகாதுங்க" என்றார் மார்க் சார். "இது மாடலுக்கு வெச்ச மாதிரி லிஃப்ட். லிஃப்ட் பழக்க மையம். இவ்வளவு வருஷமா படியில ஏறி இறங்கின மக்கள் திடீர்னு லிஃப்ட்ல போனா மனசு அதிர்ச்சி தாங்காதுன்னு ஆய்வு சொல்லுது. அதனால முதல்ல இதுல ஏறி நின்னு பழகணும். கதவு மூடும், பாட்டு வரும், தலைவர் பேசுவாரு, கதவு திறக்கும், இறங்கிடலாம். பழகினவங்களுக்குச் சான்றிதழ்."

"பழகின பிறகு நிஜ லிஃப்ட் எப்ப போடுவீங்க?"

மார்க் சார் ஆச்சரியப்பட்டார். "அதுக்கு அவசியமே இல்லைங்களே. உங்க லிஃப்ட்தான் நல்ல நிலையில இருக்கே."

கண்டக்டர் வீட்டுக்கு ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியில் கம்பிக்கட்டு காலில் இடித்தது. பால்கனியிலிருந்து மனைவியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"கம்பியை மாட்டிடலாங்க" என்றாள்.

கண்டக்டர் அன்று சாயங்காலமே வெல்டரோடு படியில் இறங்கினார். முதல் துண்டைப் பற்றவைப்பதற்குள் மார்க் சார் ஓடிவந்து மறித்துக்கொண்டார். கம்பியை மாட்டினால் மார்க் குறையும், மார்க் குறைந்தால் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று பிளாக்குக்கும் சேர்த்து வந்த திட்டம் போய்விடும், ஒன்பதாம் பிளாக் தூண் விழுந்தால் பழி உங்கள் தலையில் என்றார். ஒன்பதாம் பிளாக்கில் பிள்ளைகுட்டிக்காரர்கள் இருந்தார்கள். வெல்டர் கருவியை அணைத்தார். கம்பி மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது. கண்டக்டர் அன்று சாப்பிடவில்லை.

"முட்டை தின்னாரா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இல்லைக்கா!"

அன்று மைக்கம்மா விளக்கு வைக்கும் முன்பே வீட்டுக்குள் போய்விட்டாள். அது அவள் வழக்கம் இல்லை.

மாதிரி லிஃப்ட்டுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். ரிப்பன் கட்டினார்கள். திட்டத்தால் அதிகம் பயன்பெற்றவர் ரிப்பன் வெட்ட வேண்டும் என்பது விதி. அதிகம் பயன்பெற்றவர் யார் என்று பார்த்தால், போனஸ் மார்க் வாங்கிக்கொடுத்த கண்டக்டர் வீட்டம்மா. அவளை அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவளால் இறங்க முடியாது என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்டார்கள். கம்பி இல்லை என்று பதில் போனது.

தலைவர் பெரிய மனசுக்காரர். ஆளும் பெரிய ஆள். "அந்தத் தாய் இறங்க முடியாவிட்டால் என்ன? நான் ஏறுகிறேன்!" என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார். போட்டோகிராபர் முன்னால் ஓட, மார்க் சார் பின்னால் தள்ள, தலைவர் ஏறினார். இரண்டாம் மாடியில் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். மூன்றாம் மாடியில் தையல்காரர் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஏழை மக்களின் உறுதி பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை. நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது வேர்வையில் பொன்னாடை நனைந்திருந்தது. அந்த ஈரப் பொன்னாடையைக் கண்டக்டர் வீட்டம்மாவுக்குப் போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு இறங்குவதற்காகப் படிக்கு வந்தார். வந்தவர் நின்றார்.

ஏறுவதற்கு வேண்டியது மூச்சு. இறங்குவதற்கு வேண்டியது முட்டி. தலைவர் ஒரு காலை எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தார். முட்டி மடங்க மறுத்தது. கை தன்னிச்சையாகப் பக்கத்துச் சுவரைத் தேடியது. சுவரில் வெட்டிய கம்பியின் வடுதான் இருந்தது. மறுபக்கம் கிணறு. எட்டிப் பார்த்தார். கீழே, சின்னதாக, யாரோ நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது, பிடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை?"

"பிடிமானம் இன்மை சார்" என்றார் மார்க் சார். "நம்ம முதல் மார்க்கே அதுலதான்."

நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். முதல் திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை, தலைவர் மட்டும் திரும்பினார். அவர் போட்ட சத்தத்தில் பலகைப் பக்கம் உட்கார்ந்திருந்த காகங்கள் பறந்தன. மறுபடி மேலே கொண்டுவந்து வைத்தார்கள். தீயணைப்பு வண்டி என்று யாரோ சொன்னார்கள். ஏணியில் தலைவர் இறங்கும் படம் நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் வரும் என்று போட்டோகிராபர் ஆசையாகச் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வீட்டம்மா தலைவரைப் பால்கனிக்கு அழைத்தாள். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

"உக்காருங்க. இங்கேயிருந்து எல்லாம் நல்லாத் தெரியும். பழகிடும்."

"யாருடி அது பக்கத்துல?" என்றது கீழேயிருந்து குரல்.

"தலைவரு, அக்கா!"

"என்ன பண்றாரு?"

"இறங்க முடியலையாம்!"

"நல்லதாப் போச்சு! உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு!"

மார்க் சார் கண்டக்டரைத் தனியாகச் சமையலறைக்கு இழுத்துப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு உதவி. அந்தக் கம்பியை இப்ப சட்டுனு மாட்டிடுவோம். தலைவர் இறங்கினதும் கழட்டிடுவோம். யாருக்கும் தெரிய வேண்டாம். மார்க்கும் குறையாது."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து எடுத்தார். மார்க் சார் ஒரு அடி பின்னால் போனார்.

"பயப்படாதய்யா. இதால யாரையும் அடிக்க மாட்டேன். இதைப் பிடிச்சுக்கிட்டு ஊரே போய்ட்டு வந்திருக்கு. பிள்ளைத்தாச்சி பிடிச்சிருக்கா, குருடன் பிடிச்சிருக்கான், குடிகாரன் பிடிச்சிருக்கான். ஒருத்தனையும் இது கீழே விட்டதில்லை. என் பெண்டாட்டி பிடிச்சப்ப மட்டும் உனக்கு மார்க் குறைஞ்சது. இப்ப உன் தலைவனுக்கு முட்டி பிடிச்சதும் மாட்டலாம், கழட்டலாம், யாருக்கும் தெரியாது! அவளுக்கு இல்லாத கம்பி அவருக்கு எதுக்கு?" இப்போது குரல் பால்கனி வரைக்கும் போனது. "எங்க பிளாக்குல லிஃப்ட் இருக்கு. நல்ல நிலையில இருக்கு. நீயே எழுதினே. அதுல இறங்கச் சொல்லு!"

மார்க் சார் வெல்டரைத் தேடினார். வெல்டர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, சுளுக்கு என்றார். தையல்காரருக்கும் சுளுக்கு. அன்று எட்டாம் பிளாக்கில் கை உள்ள எல்லாருக்கும் சுளுக்கு. விரிசலுக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மா மட்டும், எனக்குச் சுளுக்கு இல்லை, மனசு இல்லை என்று நேராகச் சொன்னாள்.

தலைவர் பால்கனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்காமல் இருக்க முடியாது. அந்த வீட்டின் அளவு அப்படி. போனை எடுத்தார். ஒரே ஒரு போன். ஒரு தலைமுறையாக வராத லிஃப்ட் மெக்கானிக், டீ குடித்து முடிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர்.

"இங்கே லிஃப்ட் இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். கதவில் ஒட்டியிருந்த காணாமல் போன பூனையை மரியாதையாகப் பிய்த்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு உள்ளே புகுந்தார். வெளியே வரும்போது மூஞ்சியெல்லாம் மசி. கயிறு, மோட்டார் எல்லாம் சரி, கன்ட்ரோல் போர்டு கருகிவிட்டது, புதிதாக வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

"மாதக்கணக்கிலா!" என்று தலைவர் எழுந்தே விட்டார்.

"நீங்க வேணா இங்கேயே தங்குங்க" என்றாள் வீட்டம்மா. "ஒழுகாத மூலை ஒண்ணு இருக்கு." பிறகு முற்றத்தைக் கைகாட்டினாள். "ஏன் தம்பி, அந்தப் பொம்மை லிஃப்ட்ல பாட்டு வருதே, அதுக்குள்ள இருக்கிறது இதுக்கு உதவாதா?"

மெக்கானிக் பால்கனியில் தலையை நீட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே கம்பெனி.

"சார், அது மாதிரி லிஃப்ட்!" என்று மார்க் சார் அலறினார். "நிஜ லிஃப்ட்டுக்காக மாதிரியைக் கெடுத்தா திட்டத்தோட நோக்கமே போயிடும்!"

"உன் நோக்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றார் தலைவர். அன்று அவர் பேசிய பேச்சுகளில் மக்கள் மனமாரக் கைதட்டியது அந்த ஒன்றுக்குத்தான்.

ரிப்பனுக்கு அடியில் குனிந்து போய், மாதிரி லிஃப்ட்டின் வயிற்றைத் திறந்து, போர்டை எடுத்துவந்தார்கள். குரல் பெட்டியும் அதோடு ஒட்டியிருந்தது. பிரிக்க நேரமில்லை என்று அப்படியே மாட்டினார் மெக்கானிக். வெறும் பெட்டியை ஏற்றி இறக்கிச் சோதித்துப் பார்த்தார். வெயில் தாழும் நேரத்தில் நாலாம் மாடியில் மணி அடித்தது. லிஃப்ட் கதவு, கிழிந்த நோட்டீஸ்களோடு, தானாகத் திறந்தது.

தலைவர்தான் முதலில் நொண்டிக்கொண்டு வந்தார். கண்டக்டர் குறுக்கே கையை நீட்டினார். விசில் கழுத்தில் தொங்கியது.

"பெண்கள், முடியாதவங்க முதல்ல."

"நானும் முடியாதவன்தான்யா!"

"நீங்க இன்னிக்கு முடியாதவர். இவ பழைய முடியாதவ."

நாற்காலியோடு மனைவியை உள்ளே வைத்தார். அவரும் மெக்கானிக்கும் ஏறியதும் உள்ளே வேறு யாருக்கும் இடம் இல்லை. கதவு மூடியது. மூடியதும் உள்ளேயிருந்து கனத்த குரல் ஒன்று பேசியது: "அன்பு மக்களே! உங்கள் பயணத்தில் என்றும் நான் உங்களோடு இருக்கிறேன்!" தலைவர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க, தலைவரின் குரல் கீழே இறங்கிப் போனது.

கீழே மைக்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே லிஃப்ட் வாசலுக்கு வந்திருந்தாள். தங்கை வெளியே வந்தாள். நாற்காலியில் இல்லை, கண்டக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

"என்னடி இப்படி இளைச்சுட்டே!" என்று மைக்கம்மா மூக்குக்கு நேரே நின்று கத்தினாள்.

"நீ மட்டும் என்னவாம்!" என்று இவளும் பதிலுக்குக் கத்தினாள். மெதுவாகப் பேசத் தெரியவில்லை இரண்டு பேருக்கும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார்கள். கத்தல் நின்றது.

படியில் உருண்டு புரண்டு மார்க் சார் வந்து சேர்ந்தார்.

"ஐயா, லிஃப்ட் ஓடினதுனால எட்டாம் பிளாக்கோட தகுதி போச்சு. திட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வரும்!"

"எட்டாம் பிளாக்குக்கு வந்ததை எடுத்துக்க. பலகை, வானவில், தொப்பி, எல்லாத்தையும் எடுத்துக்க. ஒன்பதாம் பிளாக் தூணுக்கு வந்ததை மட்டும் தொட்டுப் பாரு. உன் தலைவர் இன்னும் மேலேதான் இருக்காரு." கண்டக்டர் வெல்டர் பக்கம் திரும்பினார். "சுளுக்கு எப்படி இருக்கு?"

"விட்டுப்போச்சுங்க" என்று கையை உதறினார் வெல்டர். "நாளைக்குக் காலையில கம்பியை மாட்டிடலாம்."

"ஏங்க" என்றாள் மைக்கம்மா, "எனக்கும் ஒரு ரவுண்டு காட்டுங்களேன்."

தையல்காரரும் ஏறினார், தண்ணீர் ஊற்றிய அம்மாவும் ஏறினாள், அக்காவும் தங்கையும் நடுவில் நின்றார்கள். "உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க" என்று கண்டக்டர் கடைசியாக ஏறிக்கொண்டார். லிஃப்ட் மேலே போனது. நாலாம் மாடியில் மணி அடித்துக் கதவு திறந்தது.

தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். உள்ளே ஒரு குழந்தைக்குக்கூட இடம் இல்லை. யாரும் இறங்குவதாகவும் தெரியவில்லை.

"இறங்கலையா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க, சும்மா ரவுண்டு" என்றாள் மைக்கம்மா.

கண்டக்டர் அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சிதான். சந்தேகமே இல்லை.

"இடமில்லை சார். அடுத்த வண்டியில வாங்க."

இரண்டு விசில் கொடுத்தார்.